கிழக்கு முன்கூரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்துத்தான் கைக்குப் பழக்கம். இந்தமுறை அப்படி எழுத வரவில்லை. பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால் உன் அலுவலக முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். வார்டில் ஜன்னலோரம் படுக்கை கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் நீ வரைந்து அவர் கட்டிய நகர மன்றத்தின் காற்றுக்கூண்டு தெரிகிறது என்று வேறு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மேஸ்திரியாக முப்பது வருடம் சுவர் எழுப்பியவர், இந்தச் சுவரின் பூச்சு சரியில்லை என்று நர்ஸிடம் குறை சொன்னாராம்.

அந்தக் கட்டடத்தின் அட்டை மாதிரியை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தானே எங்களுக்கு விளக்கினாய். வாசலுக்குக் கதவே கிடையாது, நாலு தெருவிலிருந்தும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றாய். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே சுவர்க்கல், ஏசிக்குப் பதில் மேல்காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் காற்றுக்கூண்டு, கூரைமேல் புல்தோட்டம், மழைநீரெல்லாம் முற்றத்துக்கு அடியில் தொட்டிக்கு. மனு கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே உயர நாற்காலியில் உட்காருவார்கள் என்றதும், குமாஸ்தாக்களுக்கு அதுவே பெரிய தலைவலியாகிவிடும் என்று அத்தான் சிரித்தார். பிறகு, “மாப்ளே, வெளிய காத்துக்கிட்டு நிக்கிறவங்களுக்கு நிழல் எங்க?” என்று கேட்டார். நீ அங்கேயே பென்சிலை எடுத்துக் கிழக்குப் பக்கம் ஒரு முன்கூரையை வரைந்து சேர்த்தாய். அன்று முழுவதும் அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

விழுந்தது அந்த முன்கூரைதான். பேப்பரில் படித்திருப்பாய். பேப்பரில் வராததை நான் எழுதுகிறேன்.

திறப்பு விழா திங்கட்கிழமை என்றாலும் சான்றிதழ்ப் பிரிவை முன்னமே அங்கே மாற்றிவிட்டார்கள். நாலு நாள் விடாத மழை. முன்கூரைமேலும் நீட்டிப் போட்டிருந்த கூரைத்தோட்டத்து மண் கரைந்து வடிகால் வாய்களை அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கியது. வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மழை வலுத்ததும் தெருவில் போனவர்களும் முன்கூரைக்கு அடியில் ஓடி வந்து ஒதுங்கினார்கள். தடுக்கக் கதவு இல்லையே. தூணும் கூரையும் சேரும் இடத்தில் விரிசலைப் பார்த்துவிட்டு அத்தான் கத்தியிருக்கிறார். கையில் அகப்பட்டவர்களையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறார். கூரை விழுந்தபோது காவலாளியும், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு பெண்ணும் அடியில் மாட்டி இறந்துபோனார்கள். அத்தானின் கால்களும் சிக்கிக்கொண்டன.

அந்தப் பெண்ணின் கணவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “உங்க வீட்டுக்காரர்தான் கத்தினாராமே. ஒரு நிமிஷம் முன்னாடி கத்தியிருக்கக் கூடாதாம்மா” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணை அதிகாரி வார்டுக்கு வந்தார். “கான்கிரீட் வேலையில நான்தான் கோட்டை விட்டுட்டேன். வரைபடத்துல ஒரு குத்தமும் இல்ல சார்” என்று அத்தான் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் போனதும், ஏன் இப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். “அவன் இன்னும் எத்தனையோ கட்டணும். நான் இனிமே சாரம் ஏறவா போறேன்” என்றார்.

தம்பி, கூரை விழுந்ததற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலையில், அவர் உன்னிடம் போனில் பேசியபோது நான் அடுப்படியில் இருந்தேன். கூரை ஓரத்தை ஓரிடத்தில் உடைத்துத் தண்ணீரை வெளியே விட்டுவிடவா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். பிறகு குரல் பதிவு அனுப்பினாய். “அத்தான், இப்ப உடைக்க வேண்டாம். செடியெல்லாம் சரிஞ்சு அசிங்கமா தெரியும். திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும், நான் சொல்றேன்ல.” அவர் உடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். உன் வார்த்தை என்றால் அவருக்கு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குரல் பதிவை அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழிக்கவில்லை. அவர் போன் என் கைப்பையில்தான் இருக்கிறது.

வருகிற புதன்கிழமை என்னையும் விசாரிக்கப்போகிறார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வராது. அவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீடு திரும்பவும் கால் வராது. புதன்கிழமைக்கு முன்னால் நீயே வந்து உன் வாயால் சொல்லிவிடு. அப்படிச் செய்தால் உன் கூடவே அந்த அறைக்கு நானும் வருவேன்.

நீ இப்போது இருக்கும் ஊரிலும் இதே மாதிரி ஒரு மன்றம் கட்டுகிறாயாம், அதே கூரைத்தோட்டத்தோடு. அந்த ஊரில் மழைக்காலம் எப்போது தொடங்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வேலையை இன்றே நிறுத்தச் சொல், கண்ணா.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும். வந்துவிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா