தொழுவத்துக்குப் பின்னால் நிற்கும் நெருப்பு

கெடுங்வாரு
சோளம் உடைத்து முடித்த வாரம்

அன்பு மகள் வினார்சிக்கு அம்மா துமிரா எழுதுவது. ஹாங்காங்கில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க ஆண்டவன் அருள் செய்யட்டும். இங்கே நான், உன் அப்பா, சித்தப்பா, மாடு இரண்டும் எல்லோரும் நலம், என் புருவங்கள் தவிர. போன கடிதத்தோடு அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, அம்மா ஏன் யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாயே, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன், அதில் இருக்கும் புருவம் என்னுடையது இல்லை. உன் பெரியம்மா மகள் ரத்மி பென்சிலால் வரைந்தது. அவளுக்குக் கை நடுங்கியதா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, ஒன்றை ஏணி வைத்து ஏற்றிவிட்டாள். போட்டோக்காரனும் அம்மா கொஞ்சம் சாதாரணமா பாருங்க என்று பாவம் திரும்பத் திரும்பச் சொன்னான். இதைவிடச் சாதாரணமாகப் பார்க்க என்னிடம் முகம் இல்லை.

புருவம் எங்கே போயிற்று என்று கேட்பாய். எல்லாம் உன் கல்யாணத்தால் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, நம் சம்பந்தியம்மாள், கடற்கரைத் துபானிலிருந்து வந்திருந்தபோது வறுத்த சோயாத் தெம்பேயைக் கடித்துக்கொண்டே, உங்க ஊர்ல மனுஷன் குடிக்கவே தண்ணி இல்லையாமே, பொண்ணுக்கு மங்கல நீராட்டை எங்க வீட்டுலயே வச்சுக்கலாமே, எங்க கிணறு கடல் மாதிரி என்று சொன்னார். கடற்கரைக்காரர் கிணறு கடல் மாதிரி இருப்பதில் என்ன பெருமை, உப்புக் கரிக்கும் என்று வாய் வரை வந்தது, தெம்பேயோடு விழுங்கிவிட்டேன். ஆனால் உன் அப்பா விழுங்கவில்லை. என் பொண்ணு என் வாசல்லதான் குளிப்பா என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். ஏழு கிணற்றுத் தண்ணீர் வேண்டும், ஆறு கிணற்றுத் தண்ணீரை ஊரில் கேட்டு வாங்கலாம், ஏழாவது பெண் பிறந்த வீட்டுக் கிணறாக இருக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். நம் கிணறோ இந்த வெயிலில் வற்றிப்போய், வாளியை விட்டால் ஒரு தவளை மட்டும் ஏறி வந்து, ஏன் எழுப்பினாய் என்பது போல என்னைப் பார்த்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு துபானுக்குப் போய் அடுத்தவர் கிணற்றடியில் உட்கார வைத்து நான் தண்ணீர் ஊற்றுவதா என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, மூன்று நாளைக்கு இறங்கவில்லை.

அதனால் உன் அப்பாவும் கஸ்தாரி சித்தப்பாவும் தொழுவத்துக்குப் பின்னால் புதுக் கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கே நான் எத்தனை முறை மரவள்ளி நட்டும் தேறவே இல்லை, நினைவிருக்கிறதா, கிழங்கு கசக்கும், இலை மஞ்சளாகும், நான் அதைத் திட்டிக்கொண்டே இருப்பேன். உன் அப்பா மண் குளிர்ச்சியாக இருக்கிறது, அடியில் தண்ணீர்தான் என்றார். இரண்டு ஆள் ஆழம் போனதும் மண்ணெண்ணெய்க் கடை மாதிரி வாடை. சித்தப்பா மேலே ஏறி வந்து கள் குடித்தவர் போலத் தள்ளாடிச் சிரித்தார். வேலைக்குப் பயந்து நடிக்காதேடா என்று உன் அப்பா அதட்டிவிட்டுத் தானே இறங்கினார், கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். அப்புறம் இருவரும் தலைவலி என்று மாலை வரை படுத்துக் கிடந்தார்கள். மறுநாள் மண்வெட்டி டங்கென்று இரும்பில் பட்டது. சோற்றுக் குண்டான் வாய் அகலத்துக்கு ஒரு குழாய், அதன் வாயில் தேக்குக் கட்டையை அறைந்து மூடியிருந்தது. டச்சு துரைகள் போட்ட எண்ணெய்க் கிணறு! தேக்கங்காட்டு மேட்டில் அவர்கள் தோண்டியவை இன்னும் இருக்கின்றன, உன் சித்தப்பா இத்தனை வருஷம் லாரி இஞ்சினில் கயிறு கட்டி எண்ணெய் இறைத்ததும் அங்கேதானே. ஆனால் நம் தொழுவத்துக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். உன் அப்பா கட்டையை லேசாகத் தட்டினார். உள்ளேயிருந்து பாம்பு சீறுவது போல ஒரு மூச்சு வந்தது. இரண்டு பேரும் ஏணியைக்கூட மிதிக்காமல் மேலே வந்துவிட்டார்கள்.

இத்தனை பழையதைத் தொட்டுவிட்டால் நம் ஊரில் என்ன செய்வோம், அந்த இடத்துக்குக் காவல் நிற்கும் ஆவியிடம் அனுமதி கேட்போம். எல்லாம் முறையாகத்தான் செய்தோம் கண்ணு. மஞ்சள் சோற்றுக் கோபுரம், முட்டை, பூ, கொட்டாங்கச்சியில் சாம்பிராணி, அதோடு அங்கே இருப்பவர் துரைகள் காலத்து ஆள், புகைக்காமல் இருக்க மாட்டார் என்று ஒரு கிராம்பு சிகரெட்டையும் பற்ற வைத்துத் தட்டில் வைத்தார் உன் அப்பா. தொழுகை நடத்தும் சாதிகுன் புதுக் கைலி கட்டி வந்திருந்ததால் வாழை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே ஓதினார். வீட்டுக்காரி என்று தட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் மரியாதையாகக் குழி விளிம்பில் குனிந்தேன். இந்த உலகத்தில் எரிவாயு வருகிற ஓட்டைக்குத் தட்டு ஏந்தி நெருப்பு கொண்டுபோய்ப் படைத்தவர்கள் நாமாகத்தான் இருப்போம். ஏன்டா, எண்ணெய்க் கிணத்துல காலம் பூரா வேலை பார்த்தவன், நீயாவது சொல்லக் கூடாதா என்று அப்புறம் சித்தப்பாவைக் கேட்டதற்கு அவர் சொன்னது என்ன தெரியுமா, அங்க சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு தெரியும் அண்ணி, ஆனா இது நாம பிடிக்கிறது இல்லையே, அவருக்குக் குடுக்கிறதாச்சே!

ஒரு பெரிய மாடு மூச்சு விட்டது போல புஃப் என்று ஒரு சத்தம். நான் பின்னால் மரவள்ளிப் பாத்தியில் உட்கார்ந்திருந்தேன், தட்டு மட்டும் கையில் இருந்தது, சோறு இல்லை. புருவம் இரண்டும் கருகியதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. நிமிர்ந்து பார்த்தால் குழிக்கு மேலே நெருப்பு நிற்கிறது. எரிகிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை வினார்சி, நிற்கிறது. விறகு இல்லை, புகை இல்லை, என் உயரத்துக்கு, அடியில் நீலமாக, மேலே வெயிலோடு வெயிலாகக் கலந்து, அதற்குப் பின்னால் இருந்த மூங்கில் எல்லாம் தண்ணீருக்குள் தெரிவது போல ஆடியது. உன் அப்பா, தூக்கத்தில்கூடப் பேசுகிறவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாலு வீட்டுக் கோழிகளும் சத்தத்தை நிறுத்திவிட்டன. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, நான் இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவள். அந்த இடத்தின் மேல்தானே நான் துணி உலர்த்தினேன், சாணி தட்டினேன், நீ முதல் முதலாக நடந்து விழுந்ததும் அங்கேதான். அத்தனை நாளும் அது கீழே விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது. நம் முன்னோர் துரைகளுக்குக் கயிறு இழுத்து இழுத்துத் திறந்த வழி, அவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவர்கள் திறந்தது மேலே வந்து நிற்கிறது. நான் அதைப் பார்த்து, மரவள்ளியைத் திட்டியதற்கு மன்னித்துவிடு என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ரத்மி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஊர்த்தலைவர் சொல்லி டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மணல் மூட்டை அடுக்கி, குழாய் வைத்து, நெருப்பைத் தொழுவத்திலிருந்து தள்ளிக் கல்மேட்டுப் பக்கம் கொண்டுபோய் மூங்கில் வேலி போட்டார்கள். தானாகக் குறையும் வரை எரியட்டும், ஆனால் இந்தப் பக்கம் கிணறு என்ற பேச்சே கூடாது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அன்றைக்கு உன் அப்பா காபியைக்கூட ஆற விட்டுவிட்டார். அவ்வளவுதான், துபான்தான் என்று நானும் உன் கல்யாணச் சேலைகளை எடுத்துப் பெட்டியில் மடித்தேன். அந்தச் சமயத்தில்தான் செய்தி கேட்டு சம்பந்தியம்மாள் ஒரு வேன் நிறைய ஆட்களோடு நெருப்பைப் பார்க்க வந்தார். வரும்போது பேசிக்கொண்டேதான் வந்தார். வேலியருகே போனதும் பேச்சு நின்றது. பிறகு என் கையைப் பிடித்து, இப்படி ஒண்ணு நிக்கிற வாசலை விட்டுட்டு நாம வேற எங்கம்மா நடத்துறது, இங்கதான், ஏழாவது தண்ணி ஒரு சொட்டு இருந்தாலும் போதும் என்றார். உப்புக் கிணற்றைப் பற்றி நான் நினைத்ததை எல்லாம் அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்தச் சொட்டும் கிடைத்துவிட்டது கண்ணு. வாசல் பக்கம் பலாமரத்தடியில் டவுன்காரர்களிடம் சம்மதம் கேட்டே வெட்டினோம், இந்த முறை சோறும் பூவும் மட்டும் வைத்து, நெருப்பு தராததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். தண்ணீர் ஊறுகிறது. கொஞ்சம் வாடை இருக்கிறது. உன் அப்பா குடித்துப் பார்த்துத் தேன் என்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. மல்லிகை நிறையப் போட்டு ஊற்றிவிடலாம்.

நீ குளிர் நாளில் கம்பளி போடாமல் வெளியே போகாதே, முதலாளியம்மாவிடம் ஊருக்கு வரும் தேதியை இப்போதே சொல்லி வை, தங்கம் கிங்கம் என்று வாங்கிக்கொண்டு நிற்காதே. நீ தீர்க்காயுசாக, உன் கை தொட்டது துலங்க, வைத்த கால் வழுக்காமல் வந்து சேர வேண்டும். மறக்காமல் நல்ல புருவப் பென்சில் ஒன்று வாங்கி வா, ரத்மியுடையது வியர்த்தால் கன்னத்துக்கு வந்துவிடுகிறது.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா துமிரா

பின்குறிப்பு: பென்சில் இரண்டாக வாங்கி வா. கிளம்பும்போது சம்பந்தியம்மாள் இன்னும் ஒரு தடவை கிட்டப் பார்த்துக்கொள்கிறேன் என்று வேலிக்கு மேலே எட்டிக் குனிந்தார், காற்று திரும்பியது. அவருக்கு இடது பக்கம் மட்டும்தான்.