தனிக்குடித்தனம் போன வாலு

மார்ச் 2, சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

மூன்று வாரமாக நேரில் சொல்லப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், அப்பா பேருந்து ஓட்டிய களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். அதனால் எழுதி அடுப்பு மேடையில் வைக்கிறேன். இன்றிலிருந்து நான் தனிக்குடித்தனம் போகிறேன். பயப்பட வேண்டாம். வேலைக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரம், இரண்டு அறை, நல்ல வெளிச்சம். முகவரி பின்பக்கம். அடுத்த ஞாயிறு வருவேன்.

உங்கள் வாலு

மார்ச் 4

என் வாலுவுக்கு,

நீ கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். யார் அவன்? உன்னோடு வேலை செய்கிறவனா? கல்யாணத்தைப் பதிவாவது செய்தீர்களா, அதுவும் இல்லையா? அப்பா உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே அவளுக்கு" என்றார். இன்று ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தவே மறந்துபோய்த் திட்டு வாங்கினாராம். வருவதென்றால் இரண்டு பேருமாக வாருங்கள். அவன் காரம் சாப்பிடுவானா என்றாவது எழுது.

அம்மா

மார்ச் 6

அம்மா, எவனும் இல்லை!

தனியாகக் குடியிருப்பதற்கு அதுதான் சொல் என்று நினைத்தேன். தனி தெரியும், குடித்தனம் தெரியும். இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஒரு புருஷன் வந்து நிற்பான் என்று இந்த வெளிநாட்டில் நான் போன சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. என்னோடு இருப்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நம் வீட்டுக்கு வந்து, நீ தடுத்தும் கேட்காமல் பாத்திரமெல்லாம் கழுவினாளே, அவள்தான். அப்பாவிடம் உடனே சொல்.

வாலு

மார்ச் 8

வாலு,

சொன்னேன். "இவ தமிழும் இவளும்!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன். எவனும் இல்லையென்றால், எங்களை விட்டுப் போகத்தானே போனாய்? நான் என்ன குறை வைத்தேன்? ஊரிலிருந்து மாமா கேட்டால் என்ன சொல்வது? கல்யாணமாகிப் போனாள் என்றால் அவருக்குப் புரியும். ஞாயிறு வந்து சாப்பிட்டுப் போகிற விருந்தாளி எனக்கு வேண்டாம். வந்தால் பெட்டியோடு வா.

அம்மா

மார்ச் 11

அம்மா,

பெட்டியோடு வர முடியாது என்பதால்தான் நேற்று வரவில்லை. நீ ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. பதினெட்டு வருஷம் ஹால் சோபாவில் படுத்தேன். அப்பா செய்தி பார்த்து முடித்தால்தான் எனக்குப் படுக்கை. நாள் முழுக்க நோயாளிகளுக்குத் தோள் பயிற்சி கொடுத்துவிட்டு வந்து, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுத் தரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். "உள்ள என்னடி பண்றே?" என்று நீ தட்டுவாய். உன்மேல் தப்பில்லை, இருந்தது ஒரே குளியலறை. எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வரும் ஞாயிறு வருவேன். நீ திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். அதற்கடுத்த ஞாயிறும்.

வாலு

மார்ச் 14

வாலுவுக்கு,

ஞாயிறு நீ வராதே. என் வீட்டுப் படியில் நீ உட்கார்ந்து நான் பார்க்க வேண்டாம். நாங்கள் வருகிறோம். அப்பா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டார்.

மாமா பேசினார். "பொண்ணு தனியா வீடு எடுத்திருக்கா" என்றேன். "எதுக்கு?" என்றார். "அவளுக்கு வேணும்னு எடுத்திருக்கா" என்றேன். ஊரில் மழை உண்டா என்று நானே பேச்சை மாற்றினேன். இன்னும் மனசு சமாதானமாகவில்லை, ஆகும் என்றும் சொல்ல மாட்டேன்.

எத்தனையாவது மாடி என்று உடனே எழுது. லிஃப்ட் உண்டா? அப்பாவின் முட்டிக்கு இரண்டு மாடிக்கு மேல் ஆகாது. கேட்டால், "நாலா இருந்தாலும் ஏறுவேன், நீ பேசாம வா" என்கிறார்.

அம்மா