காலனியில் நான்காவது வீடு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து பறிக்க ஆள் கம்மி, அதனால் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிள்ளைக் கூடத்தில் ஆறே குழந்தைகள். கூட வேலை செய்யும் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் கோத்தகிரி. வாங்கப் போகிற வீட்டை இன்னொரு தரம் பார்க்க. நான்காவது தரம். கணவரிடம் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டி இரண்டு கி.மீ. பழைய காலனி. ரிட்டயர் ஆன பேங்க்காரர்கள், வாத்தியார்கள். வரிசையில் நான்காவது வீடு. நாய்கூடக் குரைக்காத தெரு.

குறித்துக்கொண்டவை:
அடுப்படி ஜன்னல் 3 x 4, திரைத்துணி.
பின்சுவரில் ஓதம். கொத்தனார்.
தண்ணீர் வாரம் இரண்டு நாள். டிரம் வேண்டும்.
பேரி மரம் ஒன்று. காய்க்குமா, கேட்க மறந்தேன்.

விற்கிற கோபாலன் சார் தனி ஆள். கோயம்புத்தூரில் மகனோடு இருக்கப் போகிறார். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

மாதக் கடைசியோடு கணவருக்குத் தேயிலை ஃபேக்டரி வேலை முடிகிறது. பிறகு நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டைக் காலி செய்து எஸ்டேட்டிடம் கொடுத்துவிட வேண்டும். முப்பத்தொரு வருடம். அவரோ வாயே திறப்பதில்லை. இன்று சாப்பிடும்போது மட்டும், "ஏழு வயசுல சிலோன் லயத்துலேர்ந்து சாமான் கட்டிக் கப்பல் ஏறினேன். மறுபடி கட்டச் சொல்றே."

நவம்பர் 5, புதன்

மழை விட்டு மூடுபனி. கொத்தனாரோடு போனேன். நாங்கள் பின்பக்கம், கோபாலன் சார் கேட்டில். எதிர் வீட்டு லலிதா அம்மாவின் குரல். பார்த்திருக்கிறேன், வெள்ளை ஸ்வெட்டர்.

"ஏனுங்க, லைன் ஆளுங்களுக்கா ஊட்டைக் குடுக்கறீங்க? ஒரு குடும்பம் வந்தா பின்னாலயே பத்துப் பேரு வருவாங்க. ஒரே சத்தமா இருக்குமுங்க. காலனி காலனியாவா இருக்கும்?"

"அட்வான்ஸ் வாங்கிட்டனுங்களே" என்றார் கோபாலன் சார். அவ்வளவுதான்.

கொத்தனாருக்கும் கேட்டது. சுவரைத் தட்டிக்கொண்டே, "ஓதம் சரி பண்ணிரலாமுங்கக்கா" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 8, சனி

கோ. சார் போன். புதன்கிழமை வைத்திருந்த பத்திரப் பதிவை "அடுத்த மாசம் பாத்துக்கலாங்களா? பையன் ஊர்ல இல்லீங்க." பையன் கையெழுத்து எதற்கு? கேட்கவில்லை. சரிங்க என்றேன். ஏன் சரிங்க என்றேன்?

ஃபேக்டரிக்கு வரப்போகிற புது ஆளும் அவர் மனைவியும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் என் அலமாரியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நல்ல பெண்தான். டீ கொடுத்தேன்.

மகள் நித்யாவுக்குப் போன் செய்தேன். லோன் அவள் பெயரில்தானே. "வேற ஊடு பாக்கலாம்மா. அங்க போயி தெனமும் அவங்க மூஞ்சியப் பாக்கணுமா?"

அவரிடமும் சொன்னேன். "வேணாங்கிற எடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்றார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். பச்சைச் சேலை. ஒன்பது மணி பஸ்.

நேராக எதிர் வீட்டு பெல்லை அடித்தேன். லலிதா அம்மா கதவைப் பாதி திறந்தார். "வேலைக்கா? இப்ப ஆள் இருக்குதுங்க. தேவைப்பட்டா சொல்றேன்."

"இல்லீங்க. எதிர் ஊட்ட வாங்கறது நாங்கதான்."

அவர் முகம் போன போக்கு. உள்ளே வரச் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்தது வேறு. நாங்கள் சத்தம் போட மாட்டோம், யாரும் வர மாட்டார்கள், பயப்படாதீர்கள். வாயில் வந்தது: "பத்துப் பேர் வருவாங்கன்னீங்க. வருவாங்க. பொங்கலுக்கு இருவது பேர்கூட வருவாங்க. சிரிப்போம், சத்தமா இருக்கும். அது தெரிஞ்சுதாங்க நாங்க வர்றோம்."

"நான் அப்படி... உங்களைச் சொல்லலீங்க."

"எங்களைத்தாங்க சொன்னீங்க. பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை அவர். நானும் எதிர்பார்க்கவில்லை. வரேங்க என்று தெருவைக் கடந்தேன். கோபாலன் சார் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

"அவங்க முப்பது வருசப் பழக்கமுங்கம்மா" என்றார்.

"இங்க இருந்து போகப் போறது நீங்க சார். இருக்கப் போறது நாங்க. புதன்கிழமையே வச்சுக்கலாங்களா, இல்லை வேண்டாங்கிறீங்களா? இப்பவே சொல்லிருங்க."

"புதன்கிழமையே வாங்க."

பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை. பக்கத்தில் ஒரு படுகர் அம்மா ஆரஞ்சுச் சுளை நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

நவம்பர் 12, புதன்

பதிவு முடிந்தது. என் பெயர், நித்யா பெயர். விரல் மை சேலையில். அவர் வந்தார், வெளியிலேயே நின்றார். முடிந்ததும் "சாப்பிட்டியா?" என்று மட்டும்.

இரவு பூரா எண்ணம்: செய்தது சரியா? அவரைக் கேட்காமலேயே முடித்துவிட்டேனா?

டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டு நாள் ஆயிற்று வந்து. பாதிச் சாமான் மூட்டையிலேயே. உப்பு டப்பாவைக் காணோம்.

எனக்கு இன்றும் லீவு. அவர் எழுந்து, ஷேவ் பண்ணி, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போக இடம் இல்லை. நானும் ஜன்னல், வாசல், ஜன்னல். எதிர் வீட்டுத் திரை மூடியே கிடக்கிறது.

காலையில்தான் கவனித்தேன். வந்ததிலிருந்து அவர் ரகசியம் போலப் பேசுகிறார். சட்டினி கேட்பதற்கும் காதருகே வருகிறார்.

"ஏன் இப்படிப் பேசறீங்க?"

"தெரியல. சத்தம் வருதில்லை."

பிறகு கேட் வரை போய் நின்றார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்து, மலைச் சரிவில் கொழுந்து எடுக்கும்போது கூப்பிடுகிற குரலில், "ஏங்க! சாப்பிட வாங்க!" என்றேன். தெருவே திரும்பியது போலிருந்தது. எதிர்த் திரை அசைந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, முழுத் தொண்டையில், "வர்றேன்டீ!"