பாப்பாவின் தலையில் வைத்த போன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இனி எனக்குப் போன் எடுக்காதே. அங்கே உன் பக்கத்து வீட்டில் வேலை செய்யும் றுமைஸா லீவில் பதுளைக்கு வந்து எல்லாம் சொன்னாள். இக்கடிதமும் அவள் கையில்தான் வருகிறது.

போகாதே என்றேன். பஹ்ரைனுக்குப் போனாய். வாத்தியார் பெண்டாட்டி சட்டி கழுவப் போனாள் என்று மடுல்சீமை ஊரே சிரித்தது. அதை நான் மறக்கவில்லை.

அன்று போனில் உனக்குப் பின்னால் ஓர் ஆண் இருமினான். யாரென்று கேட்டேன்.

"அது போன்ல பேசுற கத இல்லங்க, விடுங்க" என்றாய்.

நான் விடவில்லை. பாப்பாவின் தலையில் போனை வைத்து, "இவ தலையில சத்தியமா சொல்லுடி" என்று கத்தினேன். "தமிழ்ல பேசுனா அங்க எவனுக்கு வெளங்கும்?" என்றும் நான்தான் சொன்னேன்.

அழுதுகொண்டே சொன்னாய். நீ வேலை செய்யும் வீட்டு மேடத்தின் தம்பி, டாக்டர் ஹாஷிம். அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கித் துப்பாக்கிச் சூடுபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்ததால், மாடியில் ஒளிந்திருக்கிறார்.

மூன்றாம் நாளே பொலிஸார் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். போராட்டம் அடங்கியபிறகு போன்களையெல்லாம் ஒட்டுக்கேட்கிறார்களாம். நம் பேச்சை மேடத்துக்கே போட்டுக் காட்டி, அரபியில் விளக்கினார்களாம். தம்பியை நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று அவள் உன் பாஸ்போர்ட்டைப் பூட்டிவைத்திருக்கிறாளாம்.

பாப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் தலைசீவ என்னிடம் வரமாட்டேன் என்கிறாள்.

இதனுடன் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருக்கிறது. உனக்கு அது வாசிக்க வராது; மேடத்திடம் கொடு. உன்மேல் ஏன் பிழையில்லை என்று எழுதியிருக்கிறேன். அதில் என்னைப் பற்றி எழுதியிருப்பதை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்காதே.

உன் வீட்டுக்காரன்