நான் படித்துச் சொன்ன சீட்டு

மச்சான்,

இன்றைக்குப் பூந்தமல்லியில் ஒரு பல் டாக்டரம்மா எனக்குப் பல்செட்டு மாட்டிப் பார்த்தார்கள். உன்னைப்போல எனக்கும் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. கீழ்வரிசை உறுத்துகிறது என்றதும் கழற்றி, சின்ன மிஷினில் ராவினார்கள். ரோஸ் கலர்த் தூள் பறந்தது. சூடான பிளாஸ்டிக்கும் எச்சிலும் கலந்த அந்த வாசனை. பத்து வருஷத்துக்கு மேலாகியும் என் மூக்கு அதை மறக்கவில்லை. "பெரியவரே, ஏன் கண்ணு கலங்குது, வலிக்குதா?" என்றார்கள். தூள் பட்டுவிட்டது என்றேன்.

என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நான் சொன்னதையெல்லாம் நீ நம்பினாய். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் நான் அரம் பிடித்தால் ஜெர்மன்காரன் மிஷினே வெட்கப்படும் என்பேன். முதலாளி கார் அனுப்பி என்னைக் கூப்பிடுகிறார் என்பேன். அனுப்பியது சைக்கிள், அதுவும் பஞ்சர். ஆறாவதோடு நின்றவன், இங்கிலீஷ் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். பள்ளிக்கூடமே போகாத நீ, "எங்க மச்சான் இங்கிலீசு படிப்பாரு" என்று சென்னீர்குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய்.

புகையிலை அடக்கி அடக்கி ஐம்பது வயதுக்குள் உன் வாய் காலி. பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பல்செட்டு கட்டிக்கொடுத்தார்கள். கடைசி நாள் நானும் கூட வந்தேன். ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் அதை என்னிடம் நீட்டினாய்.

"இன்னா மச்சான் எழுதிக்கீது?"

இரண்டு வரி இங்கிலீஷ். அதில் எனக்குப் புரிந்தது ஏழு என்ற நம்பர் மட்டும்தான். திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், எனக்குப் படிக்கத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். "ஏழு மாசம் வலிக்குமாம். அப்புறம் பழகிடுமாம். திரும்ப வர வேணாமாம்."

"ஏழு மாசமா! டாக்டராண்ட இன்னொரு தபா கேட்டுக்கினு வந்துடலாமா?"

"அவங்கள்லாம் படிச்சவங்க. கேள்வி கேட்டா, குடுத்த பல்லையும் புடுங்கிக்குவாங்க."

நீ சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாய். நான் சிரித்தேன்.

இரண்டாம் வாரமே கீழ் ஈறில் இடது பக்கம் புண். சோறு இறங்கவில்லை. நான் எதற்கு இருக்கிறேன்? எங்கே உரசுகிறது என்று பார்க்கப் பட்டறையில் இரும்புக்கு நீல மை தடவுவோம். வாய்க்கு அது ஆகாதென்று தங்கையின் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பல்செட்டின் உள்பக்கம் தடவி, மாட்டிக் கடிக்கச் சொன்னேன். குங்குமம் அழிந்த இடத்தை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு இழைத்தேன்.

"மாமே, வெண்ண மாரி கீது!" என்று இரண்டு தோசை தின்றாய். பல் டாக்டருக்கே நான் பாடம் நடத்தியதாகப் பட்டறையில் அளந்தேன்.

மூன்று வாரத்தில் மறுபடி உரசியது. ராவினேன். மறுபடியும் ராவினேன். பல்செட்டு தானாக வீங்காது என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். ராவ ராவ உரசினால், எதிர்ப்பக்கம் ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். இரும்பாக இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். உன் வாய்க்குள் வளர்ந்ததற்கு, வாராவாரம் நானே இடம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீயோ நாள் எண்ணிக்கொண்டிருந்தாய். "இன்னும் ஒரு மாசந்தான் மச்சான், செரியாப் பூடும்." அதற்குள் ரத்தம் வந்துவிட்டது.

அதே ஆஸ்பத்திரியில் இளவயசு டாக்டர் ஒருவர் வாயைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார். "ஏழு நாள்ல வந்து காட்டணும், புண் வந்தா கழட்டிட்டு உடனே வரணும்னு எழுதியிருக்கே. சரிபண்ணிக் குடுக்கிறது எங்க வேலைய்யா. புரியலேன்னா தமிழ்ல சொல்லுங்கன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. யாருமே கேக்கலியா? யாரு படிச்சா இதை?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய்.

"யாராண்டயும் காட்டல டாக்டரு. எனக்குப் படிக்கத் தெரியாது."

உன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். புற்றுநோய் என்று தாடையை எடுத்தார்கள். அதற்கப்புறம் நீ பேசவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டாய். புகையிலைதான் காரணம் என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் எந்தச் சீட்டு கொடுத்தாலும், "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, படிச்சுச் சொல்லு" என்று நின்றுவிடுகிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நகர மாட்டேன்.

தங்கை நசரத்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "எங்கண்ணன் மட்டும் பல்லை ராவிக் குடுக்கலேன்னா, அந்த மனுசன் கடைசி வருசம் கஞ்சி கூடக் குடிச்சிருக்க மாட்டாரு." ஒவ்வொரு முறையும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் அங்கே போகிறேன். அண்ணனுக்குப் பல் இல்லையே என்று, மீனில் முள்ளெடுத்து, உதிர்த்து, என் தட்டில் வைக்கிறாள். தின்றுவிட்டு வருகிறேன் மச்சான்.