கறுப்புத் திரையில் நாற்பது கிணறுகள்

இன்று காலை அந்தப் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். வானத்துச் செய்மதிகளைக் கொண்டு இடம் சொல்லும் பெட்டியை அலுவலக முற்றத்தில் ஒரு கதிரையில் வைத்து, வயரை யன்னலால் இழுத்துக் கொழுவினேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் விநாடிக்கு ஒன்றாக ஏறத் தொடங்கின. ஆனால் இலக்கம் ஆடவில்லையடி. நீ இருந்தபோது பெட்டி வைத்த இடத்தில் கிடக்கும், இலக்கம் மட்டும் உலாத்திக்கொண்டிருக்கும். செய்மதிக்காரர் இலக்கத்தில் வேண்டுமென்றே கலந்த குழப்பத்தைப் போன வருடம் எடுத்துவிட்டார்களாம். இதைப் பார்த்தால் நீ எப்படித் துள்ளியிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்த கையோடு பழைய எரிச்சலும் வந்துவிட்டது.

எரிச்சல் என்ன, பொறாமைதான். இனி உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

வவுனியாவில் அந்த உதவி நிறுவனம் நம் இருவரையும் ஒரே நாளில் தற்காலிகமாகச் சேர்த்தது. போருக்குப் பயந்து ஓடிய மக்கள் திரும்பி வந்த ஊர்களில் கிணறுகளைக் கண்டு இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். பிறகு இறைக்கும் ஆட்கள் ட்ரக்டரில் போய்த் துப்புரவாக்குவார்கள். மூன்று மாதம் முடிய ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒருத்தி நான்தான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். முல்லைத்தீவுக் கடலில் வெள்ளி பார்த்து வள்ளம் விட்டவரின் மகள் நான். அதோடு நில அளவைக் காரியாலயத்தில் ஒரு வருடம் வரைபடம் பிரதி எடுத்தவள். வானமும் வரைபடமும் என் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு.

நீயோ தர்மபுரத்தில் மிளகாய்த் தோட்டத்தில் இருந்து இராணுவச் சாவடி தாண்டப் பாஸ் எடுத்து வந்தவள். உன் அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். திரையில் ஓடும் வரியை நீ நெல் புடைப்பதுபோல ஒரு பார்வையில் பிரித்துவிடுவாய். எத்தனை செய்மதி தெரிகிறது, எந்த வரியை நம்பலாம், எது சும்மா. முதலில் வருவது இலண்டன் நேரம் என்று கண்டுபிடித்ததும் நீதான். "உங்களுக்கு ஆறு மணித்தியாலம் கூட்டு, எங்கடை பக்கத்துக்கு அஞ்சரை," என்று சிரிப்பாய். அரசாங்கத்தின் வவுனியாவில் ஒரு நேரம், இயக்கத்தின் பக்கமிருந்த உன் ஊரில் இன்னொரு நேரம் ஓடிய காலமல்லவா? எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் நீ, ஒருநாள் நான் என்று வாகனத்தில் போனோம். பெட்டியைக் கிணற்றுக் கட்டில் வைத்து, திரையில் வருவதை அவரவர் கொப்பியில் எழுதினோம். அகலக்கோடு 0845.72 என்று வரும். எட்டுப் பாகை, நாற்பத்தைந்து கலை. புள்ளிக்குப் பின்னால் வருவது விகலை என்று எழுதினேன். வரைபடத்தில் அப்படித்தானே பார்த்துப் பழகியவள்! ஒரு கலைக்கு அறுபது விகலைதான், எழுபத்திரண்டு எப்படி வரும் என்று உறைக்கவில்லை. ஒரு கலையைக் கூட்டி, மிச்சம் பன்னிரண்டு விகலை என்று அழகாக எழுதிவைத்தேன். கெட்டித்தனத்தைப் பார்.

நெளுக்குளத்துக்கு அப்பால் போன ட்ரக்டர் வெறுமனே திரும்பி வந்தது.

"பிள்ளை, நீங்கள் சொன்ன இடத்திலை கிணறு இல்லை. ஒரு பாலை மரம்தான் நிக்குது," என்றார் இறைக்க வந்த அண்ணை.

"அது செய்மதியின்ரை பிழை, அண்ணை. அவங்கள் குழப்பித்தான் அனுப்புறாங்கள்," என்றேன்.

அவர் போனபிறகு நீ மெல்லக் கேட்டாய்: "அந்தக் குழப்பம் நூறு மீற்றருக்குள்ளைதானடி. உன்ரை கொப்பியை ஒருக்காத் தா, பாப்பம்."

"ஏன், பொறுப்பாளர் சேரிட்டைக் கொண்டுபோய்க் காட்டவோ? தரமாட்டன்."

உன் முகம் சுருங்கியது. அது எனக்கு அன்று நன்றாக இருந்தது.

அடுத்த கிழமை உன் பாஸை நீடிக்க மறுத்துவிட்டார்கள். எனக்கு நெளுக்குளத்தில் வதிவுப் பதிவு இருந்தது, உனக்கு இல்லை; நீ ஊர் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போன நேரம் நீ அலுவலகக் காவலாளியிடம் திறப்பை வாங்கி, என் மேசையைத் திறந்திருக்கிறாய். திங்கள் வந்து கொப்பியை விரித்தேன். என் நாற்பது கிணறுகளுக்கும் பக்கத்தில் சரியான கணக்கு, பென்சிலால். கடைசித் தாளில் உன் எழுத்து: "புள்ளிக்குப் பிறகு வாறது கலையின்ரை பங்கு. அறுபதாலை பெருக்கினால்தான் விகலை. பென்சிலாலைதான் எழுதியிருக்கிறன். நீ பேனையாலை எழுதிப்போட்டு அழிச்சுவிடு. போட்டு வாறன்."

எழுதினேன். அழித்தேன். ஒரு தடம் தெரியாமல் தேய்த்து அழித்தேன். ட்ரக்டர் நாற்பது கிணற்றுக்கும் நேரே போய் நின்றது. "கெட்டிக்காரி," என்றார் பொறுப்பாளர். "ஓம் சேர்," என்றேன். வேலை எனக்கு.

நீ மலேரியாவில் போய்விட்டாய் என்று பாஸில் வந்த உன் பெரியம்மா சொன்னார். அழுதேன். அழுதுகொண்டே, வவுனியாவை விட்டுப் போகிற நேரத்திலும் இவளுக்கு இவ்வளவு பெரிய மனம் எங்கிருந்து வந்தது என்று பொறாமைப்பட்டேன். வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த மனத்தை எடுக்க முடியவில்லை.

இன்று புதிதாக வந்த பெண் என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். அறுபதால் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்தேன். "அக்கா, உங்களுக்கு இதை ஆர் பழக்கினது?" என்று கேட்டாள்.

"நானாப் பழகினது," என்றேன்.

அதனால்தான் இந்த மடல். இவ்வளவு எழுதியும் உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை, கவனித்தாயா? எழுதினால் நாற்பது கிணறும் உன்னுடையதாகிவிடும்.