மடங்காத கணுக்காலுக்கு ஒரு பிரேக்

ஜூலை 28, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட சுடிதார் இரண்டும் மேல்வீட்டு மாமியின் முருங்கை மரத்தில். ஆடி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

பார்சல் வந்துவிட்டது. புத்தூருக்கு, நான் வேலை செய்யும் பல் லேப் முகவரிக்கு வரவழைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் கேள்வியும் கூடவே வரும். கூட வேலை செய்யும் ஜோஸ்பின் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன கலா இது, இடுப்பெலும்பு மாதிரி இருக்கு" என்றார். ரியர்செட் என்றேன். பைக்கில் கால் வைக்கும் கட்டை, பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாம் சேர்ந்த செட். கம்பெனிக்காரன் வைத்த இடத்தைவிடக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே வரும். ரேஸ் கனவு காணும் பையன்கள் மாட்டுவது. நான் மாட்டப்போவது முப்பத்தொன்பது வயதில்.

உள்ளே இருந்தவை:
அலுமினியத் தகடு, இரண்டு பக்கத்துக்கும். சிவப்பு. கறுப்பு கேட்டிருந்தேன்.
போல்ட் ஒரு பை. ஒன்றின் தலை இப்போதே மழுங்கல்.
பெடலைத் திரும்ப இழுக்கும் ஸ்ப்ரிங்: இல்லை.
மாட்டும் விதம் சொல்லும் தாள்: வேறு ஏதோ வண்டிக்கு.

இருப்பதிலேயே மலிவான செட். பரவாயில்லை.

விபத்துக்குப் பிறகு வலது கணுக்காலில் தகடு வைத்து மூட்டையே சேர்த்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஒரே கட்டை. பின் பிரேக்கை மிதிக்கப் பாதம் மடங்க வேண்டும், மடங்காது. ஆனால் போன மாதம் லேபில் ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பின்னால் இழுத்து பிளாஸ்டர் டின் மேல் வைத்திருந்தபோது ஒன்று பார்த்தேன். முழங்காலை முன்னால் தள்ளினால் விரல் நுனி தானாகக் கீழே இறங்குகிறது. பெடல் மட்டும் அந்த இடத்தில் இருந்தால் போதும். அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். (செந்தில். இங்கே செ. போதும்.)

"வண்டிய விக்கறதுன்னு ஆயிடுச்சு கலா. அவரு பெருக்கு அன்னிக்கு வரேன்னுட்டாரு."

வாங்குகிறவர் செ.யின் ஆபீஸ் ஆள், கே.கே. நகர். ஆடியில் வண்டி வாங்க மாட்டாராம், இந்த ஞாயிறு வரும் பதினெட்டாம் பெருக்கு மட்டும் பரவாயில்லையாம். அன்று வாங்கினால் பெருகும். ஒரு பைக் எத்தனையாகப் பெருகும் என்று தெரியவில்லை.

"நீதானே சரின்னு சொன்ன" என்றார். சொன்னேன், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு. அப்போது கஞ்சிக்கும் சரி, ஊசிக்கும் சரி, எல்லாவற்றுக்கும் சரி. அது என் வாயில் இருந்த வலி மருந்து பேசியது.

ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில், "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயா ஓட்டிட்டு காவேரிப் பாலத்தத் தாண்டிப் போயிட்டு வந்துடு. அவர வேணாம்னு சொல்லிடறேன். இல்லன்னா பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணும்" என்றார். முடியாது என்று நம்புகிற குரல்.

சரி என்றேன். இந்தத் தடவை மருந்து எதுவும் சாப்பிடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வெயில். பஸ்ஸில் நின்றபடியே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை. கால் வீக்கம்.

மதியம் மெக்கானிக்கிடம் செட்டைக் காட்டினேன். பார்த்தார், என் காலைப் பார்த்தார், திரும்ப செட்டைப் பார்த்தார். "இது சின்னப் பசங்க மாட்டறது மேடம். கால் இப்டி இருக்கறப்ப எதுக்கு. ஒரு ஸ்கூட்டி பாருங்களேன்." கடைசியாக, "சார் வரலயா?"

சார் வரவில்லை. வந்திருந்தாலும் வண்டி என் பெயரில்.

எல்லோருக்கும் இதே பேச்சு. பைக் ஓட்டியதால் கால் போனதாம். தில்லை நகரில் நின்றுகொண்டிருந்த காரின் கதவை ஒருவன் பின்னால் பார்க்காமல் திறந்தான், அதனால் கால் போனது. அவனிடம் போய்க் காரை விற்றுவிடு என்று யாரும் சொல்லவில்லை. அவன் இன்றும் அதில்தான் போய்க்கொண்டிருப்பான்.

நானே மாட்டிக்கொள்கிறேன். நாள் முழுக்க மனிதர்களுக்குப் பல் செட் பொருத்துகிறவள், ஒரு வண்டிக்குப் பொருத்த முடியாதா.

லேபில் இன்று ஒரு வேடிக்கை. இறந்துபோன அப்பாவின் பல் செட்டை டப்பாவில் போட்டு எடுத்துவந்தார் ஒருவர். "புதுசாத்தாங்க இருக்கு. எங்க சித்தப்பாவுக்குக் கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுங்களா?" ஜோஸ்பின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்தான் சொன்னேன், அது ஒருத்தர் வாய்க்குன்னு செஞ்சதுங்க, வேற யாருக்கும் ஆகாது என்று. அவர் நம்பவில்லை. சாப்பிடும்போது செ.யிடம் சொன்னேன். சிரித்தார். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

ஜூலை 30, புதன்

அரை நாள் லீவு. சந்தில் பாய் விரித்து உட்கார்ந்து வேலை. பழைய ஃபுட்ரெஸ்ட் கழன்றது. அதோடு பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டையும் சேர்ந்தே வந்துவிட்டது. புதுத் தகட்டில் அதற்கு இடமே இல்லை. "பின்னாடி உக்காந்துக்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று செ. மூன்று மாதமாகச் சொல்லிக் கேட்கிறேன். இனி இந்த வண்டியில் பின்னாடி என்று ஒன்று கிடையாது.

மாமி மாடியிலிருந்து: "ஏன்டிம்மா, காலம்பறலேர்ந்து டொக்கு டொக்குன்னு என்ன பண்ணிண்டிருக்கே?"

"பல்லு கட்டறேன் மாமி."

"வண்டிக்கா?"

"ஆமா."

கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு டம்ளர் மோர் வந்தது.

இடது பக்கம் சுலபம். வலது பக்கம் தகடு எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. லேபிலிருந்து நீலத்தாள் கொண்டுவந்திருந்தேன். பல் செட் போட்டவர் கடித்துப் பார்க்கும்போது எந்தப் பல் உயரம் என்று காட்டும் தாள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து போல்டை இறுக்கிக் கழற்றினேன். நீலப் பொட்டு விழுந்த இடத்தை மட்டும் அரம். திரும்ப இறுக்கு, திரும்பப் பொட்டு, திரும்ப அரம். உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

பெடல் நுனிக்கு மெழுகு. சூடாக்கி ஒட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் செருப்புக் காலால் அழுத்தி அச்சு எடுத்தேன். அந்த அச்சு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வுக்கு பெடலை இடுக்கியில் வைத்து வளைத்தேன்.

ஒரே குறை. பெடல் சுழலும் ஓட்டை பெரிசு, பெடல் தள்ளாடுகிறது. மலிவு செட்டின் லட்சணம். எனக்கு ஆட்டம் என்றாலே ஆகாது. ஆடுகிற பல் செட் பல் செட்டே இல்லை. ஈறு நிறத்தில் கலக்கும் பிசின் கொஞ்சம் கலந்து ஓட்டையில் ஊற்றி, கச்சிதமாக ஒரு வளையம் செய்தேன். ரோஸ் கலரில் ஒரு ஈறு, பிரேக் பெடலுக்கு. ஒரு நூல் அசைவு இல்லை. ஸ்ப்ரிங்குக்குப் பழைய சைக்கிள் ஸ்டாண்டினுடையது.

செ. வந்து குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று வாய்வரை வந்திருக்கும்.

ஜூலை 31, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் தெருவில் இரண்டு சுற்று. பிரேக் பிடித்தது. முழங்காலை டேங்கோடு முன்னால் தள்ளினால் வண்டி நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று, தூசி என்றே வைத்துக்கொள்ளலாம்.

திமிர் தாங்கவில்லை. நேராக மாம்பழச் சாலை, பாலம். ஆற்றில் கரை முட்டத் தண்ணீர். பாலம் ஏறியதும் வண்டி இழுக்கவில்லை. எதிர்க்காற்று என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். பால் கேன் கட்டிய டிவிஎஸ்காரர் பக்கத்தில் வந்து, "அக்கா, பிரேக் லைட்டு எரிஞ்சுகிட்டே வருது. காலு வச்சிருக்கீங்களா?" என்றார். வைக்கவில்லை. பெடல் கீழேயே நின்றுவிட்டது, திரும்ப மேலே வரவில்லை. பின் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம், அப்புறம் புகை.

பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரோடு ஒதுக்கி நின்றேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே. "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு" என்று ஒரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன ஒருத்தி தன் வீட்டுக்காரர் காதில் சொன்னாள். காற்று என் பக்கம் அடித்ததால் கேட்டது.

சூடு ஆறியதும் பெடல் தானாக மேலே வந்தது, ஒன்றுமே தெரியாத மாதிரி. திருப்பிக்கொண்டு மெதுவாக வீடு. பாலம் பாதிதான்.

செ. வாசலில். நாற்றம் அவருக்கும் வந்திருக்கும். "போதும் கலா."

"ஞாயிறு இன்னும் வரல" என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. விடிவதற்கு முன்பே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. நல்லது, தூங்கவும் இல்லை.

லேபில் அந்த ரோஸ் வளையத்தைக் கழற்றி வைத்துச் சோதனை. குளிர்ந்த நிலையில் பெடலின் தண்டு அதில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஹீட்டர் பக்கத்தில் வைத்துத் திரும்ப நுழைத்தால் கவ்விப் பிடிக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பெடல் சுழலும் இடம் சைலன்ஸரை ஒட்டி. சூட்டில் பிசின் உப்பி, தண்டைப் பிடித்துவிட்டது. பல் செட்டு வாயில் அதிகபட்சம் காபிச் சூடு பார்க்கும். நான் சைலன்ஸரைக் காபி என்று நினைத்துவிட்டேன்.

ஜோஸ்பின் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும். வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்ய முடியுமா. அதிலும் ஒரு பெருமை.

சாயங்காலம் பாலக்கரையில் லேத் பட்டறை. பித்தளையில் அதே வளையம். கடைசல்காரர் கேட்டார்: "டைட்டா வேணுமா, கொஞ்சம் லூசாவா?" வாய்வரை 'டைட்' வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் ஆடணும்" என்றேன். இத்தனை வருஷ வேலையில் நான் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 2, சனி

மேகமூட்டம். ஒரு தூறல், அதோடு சரி.

பித்தளை மாட்டியாயிற்று. இன்ஜினை ஓடவிட்டு, சைலன்ஸர் நன்றாகச் சுடும்வரை காத்திருந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். போகிறது, வருகிறது. திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் டக்கென்று மேலே வருகிறது. லேசாக ஒரு கடகட ஆட்டம். காதுக்குப் பிடிக்கவில்லை, பழகிக்கொள்வேன்.

தெருவில் போய் நின்று, போய் நின்று. தொடை வலி.

செ. படியில் உட்கார்ந்து போன் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும் தானாகவே சொன்னார். "நீ விழுந்த அன்னிக்கு போன் வந்தப்ப நான் பஸ்ல நின்னுட்டிருந்தேன். என் மூஞ்சியப் பாத்துட்டு ஒரு அம்மா எந்திரிச்சு சீட்டு குடுத்துச்சு. வயசான அம்மா."

எனக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார், கையெல்லாம் கிரீஸ் என்றேன், பரவாயில்லை என்றார். பாவமாக இருந்தது. இருந்தும் வண்டியைக் கொடுக்கிறேன் என்று என் வாயில் வரவில்லை. அவர் பயத்துக்கு நான் பக்கத்தில் உட்காருவேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அதற்காக வண்டியை விற்க மாட்டேன்.

"நாளைக்கு அவர வரச் சொல்லியாச்சு" என்றார்.

"நானும் பாலத்துக்கு வரேன்னு சொல்லியாச்சு" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, பெருக்கு

விடியலிலேயே கிளம்பினேன். ஊரில் பாதி அம்மா மண்டபப் படித்துறைக்கு. காப்பரிசித் தூக்கு, மஞ்சள் கயிறு, பூ, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட புதுப் பெண்கள். போலீஸ் கயிறு கட்டித் திருப்பிவிட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் பாலம் ஏறினேன். பாலம் முழுக்க வண்டி. நகர், நில். நகர், நில். இதைவிடப் பெரிய பரீட்சை யாரும் வைத்திருக்க முடியாது. சைலன்ஸர் கொதித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முழங்கால் முன்னே, பெடல் கீழே. எடுத்தால் டக். வியாழக்கிழமை நின்ற இடம் வந்தது, அங்கேயும் ஒரு நில். நின்றேன். பெடல் மேலே வந்தது. போய்விட்டேன்.

சத்திரத்தில் ஒரு டீ. இறங்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே குடித்தேன். திரும்பவும் பாலம். கத்த வேண்டும்போல இருந்தது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன்.

வீட்டு வாசலில் கே.கே. நகர்காரர், மனைவியோடு. கையில் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். பூஜை போட்டு எடுத்துப் போகத் தயாராக.

செ. என்னைப் பார்த்தார், பின் சக்கரத்தைப் பார்த்தார். புகை இல்லை.

அவருக்குள் என்ன ஓடியதோ, வந்தவரிடம், "உக்காந்து பாருங்க சார்" என்றார். இறங்கி நின்றேன்.

வந்தவர் ஏறி உட்கார்ந்தார். வலது கால் முன்னால் தேடியது, கீழே தேடியது. "பிரேக் எங்கம்மா வச்சிருக்கீங்க?" காட்டினேன். பாதத்தை மடக்கி மிதித்துப் பார்த்தார், வளைத்த நுனி அவர் விரலுக்குச் சிக்கவில்லை. காலைத் தூக்கி வைத்தார், வழுக்கியது. அவர் மனைவி பின்னால் ஒரு சுற்று வந்துவிட்டு, "நான் எங்கங்க கால் வைக்கறது?" என்றார்.

"பழசு இருக்குல்ல, மாத்திக் குடுத்துடுவீங்கல்ல?" என்று அவர் செ.யிடம் கேட்டார்.

பழசு கட்டிலுக்கு அடியில், சாக்கில் இருக்கிறது. செ.க்கும் தெரியும். அவர் என் காலைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார்.

"இல்ல சார். இது அவங்க காலுக்குன்னு செஞ்சது. வேற யாருக்கும் ஆகாது."

மாலையை எடுத்துக்கொண்டு போனார்கள். எலுமிச்சம்பழம் திண்டில் மறந்து கிடந்தது. முன் டயருக்கு அடியில் வைத்து, நானே ஏற்றினேன்.